ஆஃப் நாளை இடம் மாற்றுவது எப்படி: ராமநாதபுரக் கரைக்கு வந்துபோகும் விமானிகளுக்கு

பணி அட்டவணையான ரோஸ்டரில் ஆஃப் என்பது ஒரு கட்டம். விதிப் புத்தகத்தில் அது மணிக்கணக்கு. ஆஃபை மாற்றும்போது வரும் சிக்கலில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதால் வருகிறது. சென்னையையோ பெங்களூரையோ பேஸாக (பணி தொடங்கி முடியும் ஊராக) வைத்துக்கொண்டு கீழக்கரை, மண்டபம், தொண்டி, ராமேஸ்வரம் என்று வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஓய்வில் எத்தனை மணி நேரம் ரயிலிலும் சாலையிலும் போகிறது என்பதுதான் அது. இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்த பிறகே ஊருக்குத் தேதி சொல்ல வேண்டும்.

முதலில் நடப்பு விதி. இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் திருத்திய எஃப்டிடிஎல் (பறக்கும் நேர, பணி நேர வரம்பு) விதிப்படி வாராந்திர ஓய்வு 48 மணி நேரம். 2025 ஜூலை 1-க்கு முன் அது 36 ஆக இருந்தது. இந்த 48 மணிக்குள் இரண்டு உள்ளூர் இரவுகள் முழுதாக அடங்க வேண்டும். ஓர் ஓய்வு முடிந்ததிலிருந்து அடுத்த ஓய்வு தொடங்க 168 மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. இரண்டு டூட்டிகளுக்கு நடுவில் குறைந்தது 12 மணி நேரம், அல்லது முந்தைய டூட்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு; இரண்டில் எது அதிகமோ அது. நேர மண்டலங்களைக் கடக்கும் தூரப் பயணமென்றால் இது இன்னும் கூடும். பறக்கும் நேரம் அதிகபட்சம் 7 நாளில் 35 மணி, 365 நாளில் 1000 மணி. பணி நேரம் 7 நாளில் 60, 28 நாளில் 190. ஐரோப்பிய விதியில் வாராந்திர ஓய்வு 36 மணியும் இரண்டு இரவும். அமெரிக்க விதியில் 168 மணிக்குள் தொடர்ச்சியாக 30 மணி. கீழே உள்ள கணக்கெல்லாம் இந்திய விதிக்கு. நிறுவனத்தின் கையேடு இதைவிடக் கறாராக இருந்தால் கையேடுதான் செல்லும்.

நள்ளிரவைத் தாண்டிய இருபது நிமிடம்

உள்ளூர் இரவு என்பது 22:00-க்கும் 08:00-க்கும் இடையில் விழும் தொடர்ச்சியான 8 மணி நேரம். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். இதில் மாட்டாத ரோஸ்டர் குறைவு.

திங்கள் இரவு 23:40-க்கு சைன் ஆஃப், அதாவது பணி முடிவு, என்று வையுங்கள். அங்கிருந்து புதன் 23:40 வரை 48 மணி. திங்கள் இரவில் 23:40 முதல் 08:00 வரை எட்டு மணிக்கு மேல் இருக்கிறது, அது ஓர் இரவு. செவ்வாய் இரவு இன்னொன்று. கணக்கு சரி, விதிப்படி புதன் 23:40-க்கே அடுத்த டூட்டிக்குக் கூப்பிடலாம்.

அதே விமானம் 40 நிமிடம் தாமதமாகி, சைன் ஆஃப் செவ்வாய் 00:20 ஆகிவிட்டது. இப்போது 00:20 முதல் 08:00 வரை 7 மணி 40 நிமிடம்தான். அது இரவாகச் சேராது. செவ்வாய் இரவு முதல் இரவு, புதன் இரவு இரண்டாவது. புதன் 22:00-லிருந்து எட்டு மணி எண்ணினால் வியாழன் 06:00. ஆக 48 மணியாக இருந்த ஓய்வு ஏறத்தாழ 54 மணியாக நீண்டுவிட்டது. வியாழன் 05:00-க்கு சைன் ஆன் (பணித் தொடக்கம்) வைத்து யாரோடாவது மாற்றிக்கொண்டிருந்தால் அந்த மாற்றம் அப்போதே செத்தது. அன்றன்றைய டூட்டிக்கு ஆள் ஒதுக்கும் க்ரூ கண்ட்ரோல் வேறு ஆளைத் தேட வேண்டும், உங்களோடு மாற்றிக்கொண்டவரின் ஆஃபும் ஆட்டம் காணும்.

அதனால் ஓய்வுக்கு முந்தைய டூட்டியின் சைன் ஆஃப் 22:00-க்குப் பிறகு என்றால் அந்த மாற்றத்தைக் கேட்காமல் இருப்பதே மேல். ஒரு தாமதத்துக்கு இரண்டு மணி நேரமாவது இடம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த இரண்டும் போதாது, 20:00-க்குள் முடியும் டூட்டியாகப் பாருங்கள்.

இங்கேயே இன்னொரு கண்ணி. பல ரோஸ்டர் செயலிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் காட்டும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். செயலியில் 18:30 என்றால் இங்கே நள்ளிரவு. '18:45-க்கு முடிகிறது, சாயங்காலம்தானே' என்று பார்த்தால் உண்மையில் அது மறுநாள் 00:15. ஓர் இரவு போயிற்று. மாற்றிக் கேட்பதற்கு முன் எல்லா நேரத்தையும் இந்திய நேரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சைன் ஆஃப் என்பது விமானம் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைத்த நேரமும் இல்லை. அதன்பின் இறங்கி முடிப்பதற்குக் கையேடு குறிக்கும் நிமிடங்களும் பணியில் சேர்ந்த பிறகே ஓய்வுக் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

முன்னே இழுப்பதும் பின்னே தள்ளுவதும்

168 மணி விதிக்கு இரண்டு பக்கமும் சுவர். ஓய்வை நகர்த்தும்போது பெரும்பாலோர் ஒரு சுவரை மட்டும் பார்க்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் ஓய்வு ஞாயிறு 06:00-க்கு முடிந்தது. இரண்டாவது வியாழன் 20:00 முதல் சனி 20:00 வரை. மூன்றாவது அடுத்த வாரம் வெள்ளி 22:00-க்குத் தொடங்குகிறது. மூன்றும் இப்போது ஒழுங்காக இருக்கின்றன.

ஞாயிறு, திங்களில் வீட்டில் விசேஷம். இரண்டாவது ஓய்வைப் பின்னே தள்ள வேண்டும். முந்தைய ஓய்வு ஞாயிறு 06:00-க்கு முடிந்ததால், அடுத்த ஞாயிறு 06:00-க்குள் புது ஓய்வு தொடங்கியாக வேண்டும். சனி 21:00-க்குத் தொடங்குமாறு வைத்தால் இடைவெளி 159 மணி, செல்லும். ஆனால் ஒரு வாரம் முழுக்க நடுவில் ஓய்வு நாள் இல்லாமல் வேலை. 7 நாளுக்கு 60 மணிப் பணி, 35 மணிப் பறப்பு என்ற வரம்புகள் அப்போது இறுக்கும். வியாழன் மாலைவரை 31 மணி 10 நிமிடம் பறந்திருந்து, சனிக்கிழமை மேலும் 5 மணி 20 நிமிடம் எடுத்தால் 36 மணி 30 நிமிடம் ஆகிவிடும். அந்த டூட்டி கிடைக்காது. இந்த ஏழு நாள் காலண்டர் வாரம் இல்லை, எந்த ஏழு நாளை எடுத்தாலும் செல்ல வேண்டும். ஒவ்வொரு நாளிலும் நின்று பின்னோக்கி எண்ணுங்கள்.

இப்போது மறுபக்கம். விசேஷம் புதன்கிழமை; இரண்டாவது ஓய்வைச் செவ்வாய் 20:00 முதல் வியாழன் 20:00 வரை என்று முன்னே இழுக்கிறீர்கள். முந்தைய ஓய்வோடு இடைவெளி சுருங்கியது, நிம்மதியாகத் தெரியும். ஆனால் மூன்றாவது ஓய்வு அடுத்த வாரம் வெள்ளி 22:00-க்குத்தானே? வியாழன் 20:00-லிருந்து அதுவரை 194 மணி. விதி உடைந்தது. மூன்றாவதையும் குறைந்தது 26 மணி நேரம் முன்னே இழுத்தால்தான் இரண்டாவதை இழுக்க முடியும். ரோஸ்டர் போடும் க்ரூ ஷெட்யூலிங் பிரிவிலிருந்து 'முடியாது' என்று ஒற்றை வரியில் பதில் வருவதற்கு இதுவே அடிக்கடி காரணம். காரணத்தை எழுதி அனுப்ப அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. கேட்கும்போதே மூன்றாவது ஓய்வுக்கும் சேர்த்து வழி சொல்லிக் கேட்டால் பாதிக் கதவு திறந்துவிடும்.

வாராந்திர ஓய்வைச் சேமித்து வைத்து அடுத்த மாதம் நான்கு நாளாக எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 168 மணி விதி அதற்கு இடம் தராது. நீண்ட தொகுப்பு வேண்டுமென்றால் விடுப்பை ஓய்வோடு ஒட்டவைப்பதே வழி. விடுப்பையே வாராந்திர ஓய்வாகக் கணக்கிடக் கூடாது என்று டிஜிசிஏ ஒரு கட்டளை வைத்திருந்தது. 2025 டிசம்பர் 5 அன்று அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே உங்கள் நிறுவனம் இப்போது எப்படி எண்ணுகிறது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு நாள் விடுப்பு போட்டுவிட்டு, அதற்கு முன்பும் பின்பும் ஆஃப் ஒட்டியிருக்கும் என்று நம்பி டிக்கெட் எடுத்தவர்கள் கடைசியில் விடுப்புக்குள்ளேயே ஓய்வு அடங்கிப்போனதைப் பார்ப்பார்கள்.

நாளைவிட ஓரம் முக்கியம்

ஊருக்கு வருபவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை: நாளை மாற்றக் கேட்காதீர்கள், ஆஃபுக்கு முன்னும் பின்னும் ஒட்டி வரும் ஓரத்து டூட்டிகளை மாற்றக் கேளுங்கள்.

இரண்டு ரோஸ்டரிலும் செவ்வாய், புதன் ஆஃப் என்று வைப்போம். முதலாவதில் திங்கள் சைன் ஆஃப் 23:40, வியாழன் சைன் ஆன் 06:00. அந்த நடுச்சாமத்தில் சென்னையிலிருந்து கிளம்ப வழியில்லை. செவ்வாய் காலை விமானத்தில் மதுரை, அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 87-ல் பரமக்குடி வழியாக ராமநாதபுரம் வர இரண்டு, இரண்டரை மணி நேரம். வீட்டுக்குள் நுழையும்போது மதியம் ஒரு மணி. வியாழன் அதிகாலை வேலை என்பதால் புதன் இரவு சென்னையில் தூங்கியாக வேண்டும். புதன் மாலை 4 மணிக்கே கிளம்ப வேண்டும். வீட்டில் இருந்தது 27 மணி, ஒரே ஓர் இரவு. ராமேஸ்வரம் என்றால் போக ஒரு மணி வர ஒரு மணி அதிலும் குறையும்.

இரண்டாவதில் திங்கள் சைன் ஆஃப் 14:00, வியாழன் சைன் ஆன் 14:00. மாலை விமானத்தைப் பிடித்தால் திங்கள் இரவு 10 மணிக்கே ராமநாதபுரம் வீடு. புதன் மாலை 4 மணிக்குக் கிளம்பினாலும் 42 மணி, இரண்டு இரவு. ஆஃப் நாள் ஒன்றுகூடக் கூடவில்லை.

இப்படி ஓரத்தை மாற்றுவது ஷெட்யூலிங்குக்கும் எளிது. ஒரே நாளில் காலை டூட்டிக்காரரும் மாலை டூட்டிக்காரரும் இடம் மாறுகிறார்கள், அவ்வளவுதான். யாருடைய ஆஃபும் நகராது, 168 மணியும் பெரும்பாலும் தொல்லை தராது. 12 மணி இடைவெளியை மட்டும் இருவருக்கும் பார்க்க வேண்டும்.

ஆள் தேடும்போது பார்க்க வேண்டியவை இவை: பதவி ஒன்றாக இருக்க வேண்டும், கேப்டனுக்குக் கேப்டன், ஃபர்ஸ்ட் ஆஃபிசருக்கு ஃபர்ஸ்ட் ஆஃபிசர். விமான வகையும் பேஸும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த டூட்டியில் தனித் தகுதி கேட்கும் விமான நிலையம் இருந்தால் அந்தத் தகுதி. வெளிநாடென்றால் விசா. இருவரும் புதியவர்களாக ஒரே காக்பிட்டில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்கு நிறுவனம் வைத்திருக்கும் விதி. சிமுலேட்டர், மருத்துவப் பரிசோதனை நாட்களைத் தொடவே வேண்டாம். அவற்றை நகர்த்தினால் பின்னால் வரிசையாகப் பல நகரும்.

ஆள் கிடைத்ததும் கேட்கும் செய்தியில் எல்லா நேரமும் இருக்கட்டும். 'அண்ணே, புதன்கிழமை மாத்திக்கலாமா?' என்று கேட்டால் அவரும் பத்துக் கேள்வி கேட்டுத்தான் பதில் சொல்வார். இப்படி எழுதலாம்:

'அண்ணே, 14 புதன். உங்க காலை டூட்டி, சைன் ஆன் 06:10, சைன் ஆஃப் 14:00, எனக்கு. என் மாலை டூட்டி, சைன் ஆன் 13:00, சைன் ஆஃப் 21:20, உங்களுக்கு. நான் 13 செவ்வாய் 16:30-க்கு முடிக்கிறேன், எனக்கு 12 மணிக்கு மேலேயே கிடைக்குது. உங்களுக்கு 15 வியாழன் சைன் ஆன் 11:00, இடையில 13 மணி 40 நிமிஷம். ரெண்டு பேருக்கும் ஏழு நாள் பறப்பு 30 மணிக்குள்ளதான் வருது. சரின்னா நானே ரிக்வெஸ்ட் போட்டுடறேன்.'

அவருடைய ஓய்வை நீங்களே கணக்குப் போட்டுக் காட்டுவது மரியாதை மட்டுமில்லை. உங்கள் பக்கம் சரியாகி அவர் பக்கம் உடைந்தாலும் செயலி இரண்டையும் நிராகரித்துவிடும். அவருக்கு மறுநாள் ஆஃப் என்றால் 23:20-க்கு முடியும் டூட்டியை அவர் தலையில் கட்டாதீர்கள். நள்ளிரவுச் சிக்கலை அவருக்கு மாற்றிவிட்டதாகும்.

நள்ளிரவு முதல் 06:00 வரையான நேரத்தைத் தொடும் டூட்டிகளை மாற்றும்போது கூடுதல் கவனம் தேவை. 2025 நவம்பர் 1 முதல் வந்த கட்டத்தில் டூட்டிக் கணக்கின் இரவு (ஓய்வுக்கான உள்ளூர் இரவு வேறு) 05:00-க்குப் பதில் 06:00 வரை நீண்டது, இரவுத் தரையிறக்கம் இரண்டாகக் குறைந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் தற்காலிக விலக்குகளும் இருந்திருக்கின்றன. 05:30 சைன் ஆனை 'அதிகாலை டூட்டி' என்று பழைய நினைப்பில் எடுத்தால் அது இரவுக் கணக்கில் போய் விழும்.

மாற்றம் செயலியில் உறுதியாகி, புது ரோஸ்டர் இறங்கிய பிறகே அது மாற்றம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியதை நம்பி ரயில் ஏறாதீர்கள். உறுதியான பிறகும், ஓய்வுக்கு முந்தைய டூட்டி முடிந்த அன்று உண்மையான சைன் ஆஃப் நேரத்தை வைத்து ஒரு முறை மறுபடி எண்ணிப் பாருங்கள். செயலி திட்டமிட்ட நேரத்தை வைத்துச் சரி சொல்லியிருக்கும். விமானம் வந்து சேர்ந்த நேரம் வேறாக இருக்கும்.

எந்தத் தேதிக்கு எவ்வளவு முன்னால்

தை அமாவாசை, ஆடி அமாவாசை, உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம் ஆகியவற்றின் தேதி பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும். ரோஸ்டர் வெளியாகும் முன் விருப்பம் பதியும் வசதி இருந்தால் அப்போதே கேட்டுவிடலாம். வெளியான பிறகு மாற்றுவதைவிட அது பத்து மடங்கு லேசு. பெருநாளும் ஏர்வாடி சந்தனக்கூடும் பிறை பார்த்து முடிவாகும். ஒரு நாள் முன்னே பின்னே போகும் என்பதால், எதிர்பார்க்கும் நாளையும் அதற்கு அடுத்த நாளையும் சேர்த்தே கேளுங்கள், வாப்பாவிடம் தேதி சொல்வதை ரோஸ்டர் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருக்கும் காலம், சொந்தபந்தம் கூடும் காலம். விமான நிறுவனங்களுக்கோ அது பள்ளி விடுமுறைக் கூட்டம். விடுப்பு கிடைப்பது அரிது. அந்த இரண்டு மாதத்துக்கு விடுப்பை நம்பாமல், மேலே சொன்ன ஓர மாற்றத்தையே நம்புங்கள்.

திரும்பிப் போவது

வீட்டுக்கும் பேஸுக்கும் இடையில் சொந்தமாகப் போய்வரும் நேரம் பணி ஆகாது. ஓய்விலிருந்துதான் கழியும். ரயிலில் கழித்த இரவும் காகிதத்தில் ஓர் இரவுதான், உடம்பு அதை ஒத்துக்கொள்ளாது. சேது, போட் மெயில் போன்ற இரவு வண்டியில் வந்து மதியம் சைன் ஆன் செய்வது, கீழ்ப்படுக்கையும் சென்னையில் மூன்று நாலு மணித் தூக்கமும் கிடைத்தால் சமாளிக்கலாம். அதே வண்டியில் இறங்கி அன்றிரவு டூட்டி எடுப்பது கூடாது. அப்படி ஒரு ரோஸ்டர் விழுந்தால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். இரவு டூட்டி முடித்த கையோடு மதுரையில் இறங்கி, நீங்களே கார் ஓட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போவதும் வேண்டாம். விடியலுக்கு முன் 02:00 முதல் 06:00 வரை உடம்பின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். டிரைவர் போட்ட வண்டி எடுங்கள்.

பணியாளர் சலுகை டிக்கெட்டில், இடம் இருந்தால் ஏறலாம் என்ற வகையில் திரும்புவதாக இருந்தால், சைன் ஆனுக்கு முன் குறைந்தது இரண்டு விமானங்கள் பாக்கி இருக்க வேண்டும். கடைசி விமானத்தை நம்புவது சூதாட்டம். பாம்பனில் காற்று பலமாக வீசினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கும் காற்று வரம்பு உண்டு. புயல் எச்சரிக்கை வந்த நாளில் தீவுக்குள் ரயிலுக்குக் காத்திராமல், சாலைப் பாலத்தில் மண்டபம் பக்கம் வந்து ராமநாதபுரத்தில் ஏறுங்கள்.

ஊரில் இருக்கும்போது இரண்டு மூன்று எச்சரிக்கை. பறப்பதற்கு 12 மணி நேரத்துக்கு முன் மது கூடாது என்பது சட்டம். சைன் ஆனில் மூச்சுச் சோதனை பூஜ்யம் காட்ட வேண்டும், முதல் முறை மாட்டினாலே மூன்று மாதம் உரிமம் முடங்கும். நம் பக்கத்துப் பனைமரம் இதில் ஒரு சங்கடம். காலையில் சுண்ணாம்புக் கலயத்தில் இறக்கிய பதநீர் சரிதான். வெயில் ஏறிப் புளித்துப்போனது கள்ளாகிவிடும். கிளம்பும் நாளன்று பதநீரையே தவிர்த்துவிடுங்கள். மூச்சுக்கருவி கட்டிக் கடலுக்குள் மூழ்கினால் அதன்பின் 24 மணி நேரம் பறக்க வேண்டாம். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகும். படகில் போகக் குமட்டல் மாத்திரை போட்டால் அதில் பல தூக்கம் வரவைப்பவை, மருத்துவப் பிரிவைக் கேட்காமல் டூட்டிக்குப் போகக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி தவறினால், அல்லது வந்து சேர்ந்தும் தூக்கமில்லாமல் கண் எரிந்தால், க்ரூ கண்ட்ரோலுக்கு உடனே சொல்லுங்கள். சைன் ஆனுக்கு எட்டு மணி முன்னால் சொன்னால் ஸ்டாண்ட்பையில் (மாற்றாளாகத் தயார் நிலையில்) இருப்பவரைக் கூப்பிட்டு விமானத்தை நேரத்துக்கு அனுப்புவார்கள். ஒரு மணி முன்னால் சொன்னால் தாமதம் உங்கள் பெயரில் எழுதப்படும். களைப்பு என்று சொல்லி விலகினால் களைப்பு அறிக்கைப் படிவத்தையும் அன்றே நிரப்புங்கள்: கடைசி 72 மணி நேரத்தில் எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், எதில் பயணம் செய்தீர்கள் என்ற மூன்றும் அதில் கேட்கப்படும்.